ஃபெரியாலே என்றால் விடுமுறை அல்ல: லிகூரியாவில் ஒன்பது நாள்

வங்கியில் இருபத்தொன்பது ஆண்டு கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். கட்டம் போட்ட எந்தத் தாளையும் படித்துவிடுவேன் என்ற கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வம் இத்தாலியின் வடமேற்கு மூலையில், அப்ரிகாலே என்ற மலைக்கிராமத்துப் பஸ் நிறுத்தத்தில், நவம்பர் முதல் தேதி மாலை ஆறு மணிக்கு இறங்கிப்போயிற்று. கூட வருவதாக இருந்த தோழி முழங்கால் வலி என்று கடைசி நேரத்தில் விலகிக்கொண்டாள். விசாவும் விமான டிக்கெட்டும் கையில் இருந்ததால் தனியாகக் கிளம்பினேன். போய்ப் பார்த்த பிறகு சொல்கிறேன், அவள் வராததே நல்லது. அந்த ஊர்களுக்கும் முழங்காலுக்கும் ஆகாது.

லிகூரியா என்பது பிரெஞ்சு எல்லையிலிருந்து தஸ்கனி வரை கடலை ஒட்டி வில்போல் வளைந்து கிடக்கும் ஒடுங்கிய மாநிலம். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் ஊருக்கு இடம் போதாது. அதனால் ஊர்கள் பக்கவாட்டில் வளராமல் மேல்நோக்கி வளர்ந்திருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டபோது இது என் மண்டையில் ஏறவில்லை. வரைபடத்தில் எல்லாமே அருகருகே இருந்தன. ஜெனோவாவில் நான் எடுத்த அறை பியாட்ஸா பிரின்சிபே ரயில் நிலையத்திலிருந்து பொடி நடை என்று போட்டிருந்தது. பொடி நடைதான். ஆனால் பழைய நகரத்துச் சந்துகளில் கருங்கல் பாவிய தரையில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதற்கு நடை என்று பெயரில்லை. அந்தச் சந்துகளை அங்கே கரூஜ்ஜி என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆறேழு மாடி உயரத்துக்குச் சுவர் எழும்பி நிற்கிறது. வானம் ஒரு நாடா அளவுக்குத்தான் தெரிகிறது. கைபேசியில் என்னைக் காட்டும் நீலப்புள்ளி மூன்று சந்து தள்ளி எங்கோ குதித்துக்கொண்டிருந்தது. ஒரே கசாப்புக்கடையை நான்கு முறை கடந்தேன். நான்காம் முறை கடைக்காரர் தலையாட்டி வணக்கம் சொன்னார்.

அறை மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மூன்று மாடிதானே என்று ஒப்புக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் ஓர் இடைத்தளம் இருக்கும், அது கணக்கில் வராது. அதற்கு மேல் உள்ள மாடியோ நம் ஊர் மாடியைப்போல் ஒன்றரை மடங்கு உயரம். 97 படி. நின்று நின்று எண்ணினேன். ஆகவே அங்கே அறை எடுப்பவர்கள் எத்தனையாவது மாடி என்று கேட்காமல் எத்தனை படி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை முதுகில் மாட்டும் பையாக மாற்றிவிடுங்கள். சக்கரத்தை நம்பாதீர்கள்.

இத்தனைக்கும் ஜெனோவா எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சிங்குவே தெர்ரே என்ற ஐந்து கடலோர ஊர்களுக்கு ஓடும் அவசரத்தில் பலர் இந்த ஊரில் ரயில் மாறுவதோடு சரி. பழைய வணிகக் குடும்பங்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கும் கரிபால்தி தெரு ஒன்றே ஒரு நாள் முழுக்கப் பார்க்கத் தகும். அந்த ரொல்லி மாளிகைகளை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு லிஃப்ட் இருக்கிறது. வீட்டு லிஃப்ட் அல்ல, நகரப் போக்குவரத்தில் சேர்த்தி. சுரங்கம்போன்ற வழியில் நடந்து போய் ஏறினால் கஸ்தெல்லெத்தோ என்ற மேட்டில் கொண்டுபோய் விடுகிறது. கூரைகளும் துறைமுகமும் 1543-இல் இப்போதைய வடிவம் பெற்ற கலங்கரை விளக்கமும் காலடியில் கிடக்கின்றன. ரிகி குன்றுக்கு இழுவை ரயிலும் உண்டு. முதல் நாள் இது தெரியாமல் எல்லாவற்றையும் படியேறியே பார்த்தேன். இரண்டாம் நாள் காலையில் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சைவம். ஃபரினாத்தா என்று ஒன்று விற்கிறார்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மேசை அகலச் செப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் வழுவழு. மிளகு தூவித் தாளில் சுற்றிக் கொடுத்ததை நின்றபடியே தின்றேன். இதற்குக் கொஞ்சம் கொத்தமல்லிச் சட்னி இருந்திருக்கலாமே என்று நாக்கு அடித்துக்கொண்டது. மூன்று நாள், பாசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவில் புரட்டிய மாவுப் பண்டங்களையும் ஆசையாகச் சாப்பிட்டேன். நான்காம் நாள்தான் ஒரு கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெஸ்தோவில் சேரும் பர்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்களாம். கண்டிப்பான சைவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பகல் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழரைக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். நடுவில் பசித்தால் ஃபொகாச்சா ரொட்டிதான் கதி. பையில் எப்போதும் ஒரு துண்டு வைத்திருப்பது நலம்.

ஞாயிற்றுக்கிழமை, சிங்குவே தெர்ரேவுக்குப் பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவுக்குக் கிளம்பினேன். என் கைக்கடிகாரப்படி நேரத்துக்கு வந்து நடைமேடையில் நின்றால் ரயிலைக் காணோம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். கைபேசி தானாக மாறியிருந்தது, கைக்கடிகாரம் மாறவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததோடு போயிற்று என்று சிரித்துக்கொண்டேன். அந்த மாற்றத்தால் அன்றுமுதல் மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதை யோசிக்கவில்லை. அதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

முதல் தண்டம் அந்த ரயிலிலேயே காத்திருந்தது. இயந்திரத்தில் காகித டிக்கெட் எடுத்திருந்தேன், காசும் சரியாகக் கட்டியிருந்தேன். பரிசோதகர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். உள்ளூர் ரயில்களுக்கான காகித டிக்கெட்டில் ஏறும் நேரத்துக்கான முத்திரை இருக்காது. ஏறுவதற்கு முன் நடைமேடையருகே இருக்கும் சிறு பெட்டிக்குள் நுழைத்து நாமே முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். 50 யூரோ அபராதம். எதிரில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். காசு போனதைவிட, டிக்கெட் வாங்காமல் ஏறியவளைப்போல் உட்கார்ந்திருந்ததுதான் சுட்டது. தவறு என்னுடையதுதான், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கு அப்படி மறந்துபோனால், பரிசோதகர் உங்களிடம் வரும்வரை காத்திராமல் நீங்களே எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள். கைபேசியில் வாங்கும் டிக்கெட்டுக்கும் ரயில் ஏறுமுன் செக்-இன் என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.

சிங்குவே தெர்ரே என்றால் ஐந்து நிலங்கள். மொன்தெரொஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து ஊர்கள். அங்கேயே தங்கினால் பர்ஸ் தாங்காது. லா ஸ்பெட்சியாவில் தங்கி ரயிலில் போய் வரலாம், முதல் ஊர் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். ஊர்களுக்கு நடுவே கடலோர மலைப்பாதையில் நடப்பதுதான் என் கனவு. அதற்கான அட்டையை இரண்டு நாளுக்கும் சேர்த்து முதல் நாளே வாங்கி வைத்துவிட்டேன், 15 யூரோ. திங்கட்கிழமை காலை வெர்னாட்ஸாவில் இறங்கினால் பாதை வாயிலில் தடுப்பு. வானிலை எச்சரிக்கையாம். மழையோ ஒரு சொட்டு இல்லை, மேகம் மட்டும்தான். எனக்கு வந்த எரிச்சலை அங்கே கடை வைத்திருந்த ஓர் அம்மாளிடம் கைகளாலேயே கொட்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. கடைவாசலுக்கு வந்து, கையை நீட்டித் தன் தலைக்கு மேல் எவ்வளவு எட்டுமோ அவ்வளவு உயர்த்திச் சுவரில் வைத்துக் காட்டினார். பிறகு அதற்கும் மேலே என்று விரலை ஆட்டினார். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் மலை சரிந்து வெர்னாட்ஸாவின் ஒரே கடைத்தெரு சேற்றால் நிரம்பிப்போனது. ஆண்டின் அதே நாட்களில்தான் நான் வந்து நின்று மழையைக் காணோமே என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு அவரிடம் ஒரு காப்பி வாங்கிக் குடித்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

லிகூரியாவில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிற எச்சரிக்கை விடுகிறார்கள். அல்லெர்த்தா என்ற சொல்லைப் பார்த்தால் மலைப்பாதையை மறந்துவிடுங்கள். இலையுதிர்காலத்தில் போகிறவர்கள் நடைப்பாதை அட்டையை அன்றன்று காலையில் வாங்கினால் போதும். மறுநாளும் பாதை திறக்கவில்லை. கொர்னீலியாவுக்கு மட்டும் ரயிலில் போனேன். ஐந்தில் அது ஒன்றுதான் கடல்மட்டத்தில் இல்லாமல் உயரே பாறைத் தலையில் இருக்கிறது. நிலையத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ஏறக்குறைய 380 படி. பாதி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, பக்கத்துச் சாலையில் ஊருக்குள் போகும் சிறிய பஸ் என்னைத் தாண்டிப் போனது. அப்படி ஒரு பஸ் இருப்பதை நான் விசாரிக்கவே இல்லை. படியில் நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக்காகக் கட்டிய படிவரிசை வயல்கள். அவற்றைத் தாங்கும் சுவர்களில் சுண்ணாம்போ சிமென்டோ கிடையாது, கல்மேல் கல் அடுக்கியதுதான். ஒரு சுவரில் அடியில் ஒரு கல் பிதுங்கி, அதற்கு மேலிருந்த நான்கு வரிசை வயிறு தள்ளி நின்றது. யாரோ அதில் சிவப்புச் சாயத்தால் ஒரு குறி போட்டிருந்தார்கள், பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.

புதன்கிழமை முழுவதும் வேலைநிறுத்தத்தில் போயிற்று. அன்று போக வேண்டிய கமோலி என்ற கடலோர ஊரில், கடல் பார்த்த அறைக்கு 40 யூரோ கூடுதலாகக் கட்டியிருந்தேன். ஒன்பதேகால் மணிக்கு லா ஸ்பெட்சியா நிலையத்துக்கு வந்தால் பலகையில் ரயில்களுக்கு நேராக ஒரே சொல் வரிசையாக நிற்கிறது. ரத்து என்று பொருள். இத்தாலியில் வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஷோப்பெரோ என்ற சொல் தெரிந்திருந்தால் நிலையத்தில் ஒட்டியிருந்ததை முந்தின நாளே படித்திருப்பேன். வேலை நாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஆறு முதல் ஒன்பது வரை சில உள்ளூர் ரயில்கள் ஓடியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் பதினைந்து நிமிடம் தாமதித்ததால் ஒன்பது மணி நேரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். கமோலிக்குப் போனபோது கடல் கறுப்பாக இருந்தது. மறுநாள் காலையில் ரயிலுக்குப் போகும் வழியில் பார்த்ததெல்லாம் வீட்டுச் சுவர்களில் அச்சு அசலாக வரைந்து வைத்திருக்கும் பொய் ஜன்னல்களை மட்டும்தான்.

வியாழன் இரவு பிரெஞ்சு எல்லையருகே வென்திமீலியாவில் ஒரு மூதாட்டியின் வீட்டில் அறை. அங்கேதான் கதை. மறுநாள் காலை பூக்கடை வாசலெல்லாம் செவ்வந்தி மலைபோல் குவிந்திருந்தது. பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து மனம் நிறைந்துபோயிற்று. ஒரு கொத்து வாங்கி வந்து வீட்டுக்கார அம்மாளிடம் நீட்டினேன். அவர் முகம் ஒரு கணம் செத்துவிட்டது. இத்தாலியில் செவ்வந்தி கல்லறைக்கு மட்டுமே கொண்டுபோகும் பூ. நவம்பர் முதல் தேதி அனைத்துப் புனிதர் திருநாள், மறுநாள் இறந்தவர்களின் நாள்; குவியலெல்லாம் அதற்காகத்தான். எனக்கு விஷயம் புரிந்து நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் அவர் சமாளித்துச் சிரித்துவிட்டு, பூவை வாங்கி மாடத்தில் வைத்தார். ஆக, அன்று அரசு விடுமுறை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் தவறு செய்தேன்.

பஸ் நிறுத்தத்து அட்டவணையில் இரண்டு பிரிவுகள், ஃபெரியாலே, ஃபெஸ்தீவோ. ஃபெரியாலே என்ற சொல்லைக் கேட்டால் ஏதோ திருவிழா, விடுமுறைபோல ஒலிக்கிறதா இல்லையா? இன்று விடுமுறை, ஆகவே ஃபெரியாலே நமக்கானது என்று முடிவு கட்டினேன். ஃபெஸ்தீவோவைப் பற்றி யோசிக்கவே இல்லை. உண்மையில் ஃபெரியாலே என்றால் திங்கள் முதல் சனி வரையான வேலை நாள். ஃபெஸ்தீவோதான் ஞாயிறும் விடுமுறையும். காலையில் நான் ஏறிய பஸ் தற்செயலாக இரண்டு பிரிவிலும் இருந்தது. அதனால் என் கணக்கு சரி என்றே நம்பினேன்.

தோல்சேஆக்குவாவில் இறங்கி, ஒரே வளைவில் ஆற்றைத் தாண்டும் பழைய பாலத்தைப் பார்த்தேன். 1884-இல் பிரெஞ்சு ஓவியர் மோனே இங்கே வந்து வரைந்த பாலம் அது. அடுத்த பஸ்ஸில் அப்ரிகாலே. ஒரு குன்றின்மேல் வீடுகளை ஒன்றின் தோள்மேல் ஒன்றாக ஏற்றி வைத்ததுபோன்ற ஊர். தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் ஒரு மிதிவண்டி செங்குத்தாக நிற்கிறது, எதற்கென்று கேட்காதீர்கள், கலை. சந்துகளெல்லாம் வளைவுக் கூரைக்கு அடியில் போகின்றன. நேரம் போனதே தெரியவில்லை. ஐந்தேமுக்கால் பஸ்ஸுக்காக ஐந்தரைக்கு நிறுத்தத்துக்கு வந்தேன். ஐந்தேகாலுக்கே சூரியன் போய்விட்டிருந்தது. ஆறு ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. கைபேசி வெளிச்சத்தில் அட்டவணையை மறுபடி படித்தபோது, கீழே பொடி எழுத்தில் நாட்களைக் குறிக்கும் விளக்கம் இருந்தது. அதைப் படித்து முடித்ததும் வயிறு கலங்கியது. அன்றைய கடைசி பஸ் மூன்று மணிக்கே போய்விட்டது.

அந்த நேரத்தில் மகள் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். அங்கே இரவு பத்தேமுக்கால். "அம்மா, ரூமுக்கு வந்துவிட்டாயா?" என்றாள். "வந்துவிட்டேன், நீ தூங்கு" என்றேன். கைபேசியில் 11 சதவீதம்தான் மிச்சம். செயலியில் வாடகைக்கார் தேடினால் ஒன்றும் வரவில்லை. திறந்திருந்த ஒரே உணவகத்தில் கேட்டிருக்கலாம், வெட்கம், போகவில்லை. மூன்று கிலோமீட்டர் கீழே இசொலாபோனா, அங்கே ஏதாவது கிடைக்கும் என்று சாலையில் இறங்கி நடந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை. நடைபாதை கிடையாது, விளக்கு கிடையாது, கறுப்புச் சுடிதார் வேறு. வளைவுகளில் கார் வரும் சத்தம் கேட்டதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வளைவில் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பின்னாலிருந்து பழக்கமான ஒரு சத்தம் வந்தது. படபடவென்று நம் ஊர் ஆட்டோவின் சத்தம். திரும்பிப் பார்த்தால் மூன்று சக்கரச் சரக்கு வண்டி, முகப்பில் பியாஜ்ஜோ ஆப்பே. நம் தெருக்களில் ஓடுகிறதே அதே ஆப்பேயின் தாய்வீட்டுக்காரன். இத்தாலியில் ஆப்பே என்றால் தேனீ என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பின்தட்டில் ஆலிவ் மூட்டைகள். அது அறுவடைக் காலம். ஓட்டிவந்த முதியவர் நிறுத்தினார், ஆனால் அந்தச் சிறிய வண்டியில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை. அவர் யோசித்தார். பிறகு என்னை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு என் நடை வேகத்துக்கு இசொலாபோனா வரை பின்னாலேயே உருட்டி வந்தார். முக்கால் மணி நேரத்துக்கு மேல். அங்கே காப்பிக்கடை அம்மாளிடம் என்னை ஒப்படைத்துவிட்டு, நான் நீட்டிய பணத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அந்த அம்மாள் தொலைபேசியில் டாக்சி வரவழைத்தார். கீழே வென்திமீலியாவிலிருந்து காலியாக ஏறி வருவதற்கும் சேர்த்து, விடுமுறை இரவு என்று 80 யூரோ. பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

மலைக்கிராமத்துக்குப் போகும்போது இறங்கியவுடன் முதல் வேலையாகத் திரும்பும் பஸ்ஸை விசாரியுங்கள், அதுவும் அட்டவணையிடம் அல்ல, மனிதர்களிடம். பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் பஸ்களும் உண்டு, அவற்றுக்கும் பொடி எழுத்துதான். தங்கும் வீட்டிலேயே உள்ளூர் டாக்சிக்காரர் ஒருவரின் எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். டிக்கெட்டைப் போகவர இரண்டாகப் புகையிலைக் கடையில் முன்பே வாங்கி வையுங்கள், விடுமுறையில் அந்தக் கடையும் மூடியிருக்கும். கார் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பவர்களுக்கு: நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், பழைய ஊர்களின் தடைப்பகுதிக்குள் தெரியாமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்து, அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும். மொத்தத்தில் எனக்குத் தண்டமாகப் போனது 185 யூரோ, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய பதினேழாயிரம் ரூபாய். மகளிடம் சொன்ன பொய்யை இன்னும் திருத்தவில்லை; இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.

மறுநாள் காலை வீட்டுக்கார அம்மாள் கறுப்பு உடையில் என் கதவைத் தட்டினார். கையில் நான் கொடுத்த அதே செவ்வந்திக் கொத்து. கணவரின் கல்லறைக்குப் போகிறாராம், வருகிறாயா என்று சைகையால் கேட்டார். போனேன். பளிங்குக் கல்லை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, என் பூவை நடுவில் வைத்தார். திரும்பும்போது நிறுத்தத்து அட்டவணையில் நான் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை, ஃபெரியாலே. பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது.